நீலக் குன்று

தொட்டி சுழலத் தொடங்கி ஏழு மணி நேரம் இருபது நிமிடம் ஆகிறது என்று டெல்ஃபின் பலகையில் எழுதினாள். தண்ணீர் முழுதும் ஒரே வேகத்துக்கு வர அத்தனை நேரம் பிடிக்கும். பிறகு நடுவிலுள்ள குழாயைத் தூக்கினால், அதற்குள்ளிருக்கும் நீல உப்புநீர் சரிந்து பரவிவிடாது. அழுத்தம் அதை வெளியே தள்ளும், சுழற்சி பக்கவாட்டில் திருப்பும். இரண்டும் சரிக்குச் சரியானதும் நீலம் ஒரு சிறு குன்றாக நின்று சுற்றும்.

மூன்று வருடமாக இதே ஆய்வகத்தில் முயன்றுவரும் தாமரைச்செல்விக்கு அந்தக் குன்று நின்றதே இல்லை. வந்து ஆறு மாதமான டெல்ஃபினுக்கு நேற்று நின்றது. “கைராசிக்காரி” என்று ஆய்வகமே கூடிச் சிரித்தது. தாமரைச்செல்வியும் சிரித்தாள், தாடை வலித்தது. கடலுக்குப் போகும் ஆய்வுக் கப்பலில் இவர்கள் இருவரில் ஒருவருக்குத்தான் இடம். யாரென்று ஆய்வகத் தலைவரான மேடம் இன்று சொல்வார்.

டெல்ஃபின் குழாயைத் தூக்கினாள். நீலம் கிழிந்து, தொட்டியெங்கும் புகைபோல் ஓடியது.

“என்னம்மா இது, தண்ணி இன்னும் அடங்கவே இல்லையே? எப்போ போட்ட?” என்றார் மேடம்.

“காலையில ஏழு மணிக்கே போட்டேன் மேடம், சத்தியமா.” டெல்ஃபின் பலகையைக் காட்டினாள். “சாப்பிடப் போனப்ப மட்டும்தான் நான் இல்ல. அப்பவும் அக்கா பக்கத்துலயே இருந்தாங்க. அவங்களையே கேளுங்க, அக்கா பொய் சொல்ல மாட்டாங்க.”

மேடம் தாமரைச்செல்வியைத் திரும்பிப் பார்த்தார். இனிக்கும் என்று அவள் காத்திருந்த நேரம் இதுதான். நாக்கு உலர்ந்திருந்தது.

“நான்தான் மேடம் தொட்டியோட ஸ்விட்சை அணைச்சேன்,” என்றாள். “அரை மணி நேரம்.”