சனிக்கிழமை ரிப்பேர்

"நாளைக்கு அவன் வர்றதுக்குள்ள இதுக்கு ஒரு முடிவு கட்டறேன்" என்று சொல்லிக்கொண்டே ஸ்வெட்டரை மாட்டினாள் நோரீன்.

அவன் என்றால் லைல். எதிர் வீட்டுக்காரன், மனைவி வெர்னா இறந்ததிலிருந்து ஒண்டிக்கட்டை.

ஏழு வாரமாக இதே கூத்துதான். சனிக்கிழமை காலை ஒன்பது அடித்தால் போதும், துருப்பிடித்த ஏதோ ஒரு சாமானோடு வாசலில் நிற்பான். அவனும் நோரீனின் கணவன் டுவேனும் ஷெட்டுக்குள் நுழைந்தால், பொழுது சாயும்வரை கம்ப்ரசர் சத்தம் காதைப் பிளக்கும்.

எல்லாம் அந்த சாண்ட் பிளாஸ்டிங் பெட்டியால் வந்த வினை.

துருப்பிடித்த இரும்பை உள்ளே வைத்து மூட வேண்டியது. பெட்டியிலேயே மாட்டியிருக்கும் ரப்பர் கையுறைக்குள் கையை விட்டு, காற்றோடு கண்ணாடிப் பொடியைப் பீய்ச்ச வேண்டியது. துருவெல்லாம் உதிர்ந்து இரும்பு புதுசாகிவிடும். பழைய டிராக்டர் ஒன்றைப் புதுப்பிக்க டுவேன் ஆசைப்பட்டு வாங்கினான்.

கடையில் அவன் கை வைத்தது கனமான, நல்ல பெட்டி மேல்தான். கூடப் போன லைல்தான் கெடுத்தான்.

"இவ்வளவு விலை எதுக்குடா? அந்தச் சின்னதை எடு. குறை இருந்தா நாம சரி பண்ணிக்கலாம்."

நாமாம், நாம! நோரீனுக்கு அந்த வார்த்தைதான் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் நாளே பெட்டியின் எல்லா மூலையிலிருந்தும் மாவு மாதிரி தூசி கிளம்பியது. அவளுடைய நீலக் கார் வெள்ளைக் கார் ஆனது. அடுத்த வாரம் இடுக்கெல்லாம் சிலிகான் பசை பூசினார்கள். அதற்கடுத்த வாரம் உள்ளே ஒன்றும் தெரியவில்லை என்று எல்.இ.டி. விளக்கு ஒட்டினார்கள். பிறகு தூசியை உறிஞ்ச அவளுடைய வேக்யூம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது அடைத்துக்கொண்டதும் நடுவில் ஒரு பெயிண்ட் வாளியைக் கோத்தார்கள்.

அப்படியும் சனிக்கிழமை வந்தால், "மறுபடியும் ஒழுகுதுடா!" என்று சிரிப்புச் சத்தம்.

மத்தியானம் சாப்பாடு வேறு. போன வாரம் லைல் மட்டும் நாலு சாசேஜ்.

"சொந்தமா ஒண்ணு வாங்கத் துப்பில்ல. அடுத்தவன் சாமானைப் பாழாக்க மட்டும் வந்துடறான்" என்று முணுமுணுத்தபடி தெருவைக் கடந்தாள் நோரீன்.

லைலின் ஷெட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஆள் உயரத்துக்கு ஒரு சாண்ட் பிளாஸ்டிங் பெட்டி! காலால் அழுத்த பெடல், தூசி உறிஞ்சத் தனி இயந்திரம். லைல் உள்ளே கையை விட்டு எதன் மேலோ பொடியைப் பீய்ச்சிக்கொண்டிருந்தான். ஒரு பொட்டுத் தூசி வெளியே வரவில்லை.

"லைல்!"

திருடன் மாதிரி விழித்தான் அவன்.

"இது எப்ப வாங்கினீங்க?"

"மூணு வருஷம் இருக்கும். டுவேன் மில்லுக்குப் போயிட்டிருந்தப்ப."

"இதை வச்சுக்கிட்டா எங்க ஷெட்ல வந்து உயிரை வாங்கறீங்க? அவரை அந்தத் தகர டப்பாவை வாங்க வச்சது எதுக்கு?"

லைல் பெடலிலிருந்து காலை எடுத்தான்.

"நோரீன், அவன் ரிடையர் ஆனான் இல்ல... மறுநாள்லேருந்து காலைல ஆறு மணிக்குக் கார்ல ஏறி உக்காருவான். ஸ்டார்ட் பண்ண மாட்டான். ஒரு மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு சும்மா உக்காந்துட்டு, இறங்கி உள்ள போயிடுவான். நீங்க தூங்கிட்டிருப்பீங்க. எனக்கு சமையலறை ஜன்னல்ல தெரியும்."

நோரீன் எதிரே தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"நல்ல பெட்டி வாங்கியிருந்தா பத்து நாள்ல டிராக்டர் முடிஞ்சிருக்கும். மறுபடியும் கார்ல போய் உக்காருவான். அதான் கடையிலேயே மட்டமானதாப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். இப்ப காலைல ஷெட்டுக்குத்தான் போறான். பார்த்தீங்களா?"

பார்த்திருந்தாள். விசிலடித்துக்கொண்டே போவான்.

"என்கிட்ட இது இருக்குன்னு அவன்கிட்ட சொல்லிடாதீங்க. மனசு சங்கடப்படுவான்."

திட்ட வந்தவள் மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்கு எட்டு மணிக்கே வந்துடுங்க. சீஸ் பொரிச்சு வைக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

வீட்டுக்குப் போகாமல் நேராகத் தங்கள் ஷெட்டுக்கு நடந்தாள். டுவேனை ஒரு தடவை கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

டுவேன் பெட்டிக்குப் பின்னால் குனிந்திருந்தான். கையில் ஸ்க்ரூ டிரைவர். போன வாரம் இருவரும் சேர்ந்து பூசிய பசையை நீளமாக உரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றே? நல்லாத்தானே அடைச்சிருக்கு!"

டுவேன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். பிறகு தெருப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"சத்தம் போடாதே. லைல்கிட்ட இதைவிடப் பெரிய பெட்டி ஒண்ணு இருக்கு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கான்."

"தெரிஞ்சுமா இந்த டப்பாவை வாங்கினே?"

"வெர்னா போனதுலேருந்து அந்த வீட்ல அவன் யார்கிட்ட பேசறான், சொல்லு? வாய் விட்டுச் சிரிக்கறது, வயிறாரச் சாப்பிடறது எல்லாம் சனிக்கிழமைதான். பொண்டாட்டி இல்லாத வீட்ல தனியா உக்காந்திருக்கறவனை 'சும்மா வாடா'ன்னு கூப்பிட்டா வருவானா? இது ஒழுகினாத்தான் வருவான்."

நோரீன் அவனுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் கீழ் மூலை திருகையும் கொஞ்சம் தளர்த்திடு" என்றாள்.