எட்டாவது அட்டை

"இது மட்டும் ஏன் சார் காலியா இருக்கு?"

வெளிநாட்டு மொழி டீச்சர் கேட்டதுதான் தாமதம், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்கு எங்கிருந்தோ உற்சாகம் வந்துவிட்டது.

வீட்டுக் கூடத்துச் சுவரில் எட்டு பட ஃப்ரேம். ஏழில் ஒரு பழைய வெளிநாட்டுப் படத்தின் காட்சி அட்டைகள். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் குத்தி வைப்பார்களே, அவைதான். எட்டாவதில் வெறும் கறுப்புத் தாள்.

"அது என் மச்சானோட கைவரிசை. வீட்டுக்காரியோட சொந்தத் தம்பி, கப்பல்ல எலக்ட்ரீஷியன். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, ஏதோ ஒரு துறைமுகத்துல வாங்கினேன்னு இந்த செட்டைக் கொண்டு வந்து நீட்டினான். ஆசையா பிரிக்கிறேன், ஏழுதான் இருக்கு! கவரும் ஏற்கெனவே பிரிஞ்சு கிடக்கு. ஒண்ணை உருவி எவனுக்கோ தள்ளிட்டான்."

"அவர் என்ன சொன்னார்?"

"என்ன சொல்வான்? 'கஸ்டம்ஸ் சோதனையில பிரிச்சுப் பார்த்தாங்க அத்தான், நான் எண்ணிக்கூடப் பார்க்கலை'ன்னு திருதிருன்னு முழிச்சான். மூணு மாசம் முன்னாடி நெஞ்சுவலியில போயும் சேர்ந்துட்டான். கடைசி வரைக்கும் வாயைத் திறக்கலையே!"

சமையலறையில் ஒரு பாத்திரம் கொஞ்சம் பலமாகவே வைக்கப்பட்டது.

காலையில்தான் மனைவி கேட்டிருந்தாள். "ஆளே போயாச்சு. அந்தக் காலி ஃப்ரேமை இப்பவாவது கழட்டிடுங்களேன். என் தம்பி மானம் அதுல தொங்குது."

"செத்துட்டா திருடன் இல்லைன்னு ஆயிடுமா?" என்றார் இவர்.

அடுத்த வாரம் நூலக ஹாலில் கண்காட்சி. எட்டு ஃப்ரேமும் போகின்றன, காலியானதும் சேர்த்துத்தான். அதற்குக் கீழே ஒட்டுவதற்கு, 'உறவினர் ஒருவரால் திருடப்பட்டது' என்று ஒரு சீட்டு அச்சடித்துச் சட்டைப் பையில் தயாராக வைத்திருந்தார். மனுஷனுக்கு அத்தனை வன்மம்.

மற்ற ஏழிலும் இருக்கிற வாசகங்களை மொழிபெயர்த்துத் தரத்தான் டீச்சர் வந்திருந்தாள்.

"இருட்டுல கத்தியோட நிக்கிறான் பாருங்க, இவன்தான் கொலைகாரன்" என்று முதல் அட்டையைக் காட்டினார்.

டீச்சர் படித்துவிட்டுச் சிரித்தாள். "'முடிவெட்டுகிறவர் தன் முதல் வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கிறார்.' இது காமெடிப் படம் சார்."

"அடக் கடவுளே! பதினோரு வருஷமா வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் கொலைன்னு கதை விட்டுட்டேனே!" வயிறு குலுங்கச் சிரித்தார். கொலைகாரனுக்கு மட்டும் விடுதலை அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிட்டது.

டீச்சர் மூன்றாவது அட்டைக்கு வந்தாள். "கீழே பொடி எழுத்துல ஒரு வரி இருக்கே, அதையும் எழுதணுமா?"

"அச்சகத்துப் பேரா இருக்கும். விடுங்க."

"இல்ல சார். 'ஏழு அட்டைகளில் மூன்றாவது'ன்னு போட்டிருக்கு." பக்கத்து அட்டையைப் பார்த்தாள். "'ஏழு அட்டைகளில் நான்காவது.' எண்ணை எழுத்தாலயே எழுதியிருக்காங்க. அதான் உங்களுக்குத் தெரியலை."

"எட்டும்மா. ஒரு செட்டுன்னா எட்டுதான். சேகரிக்கிறவங்க யாரை வேணா கேட்டுப் பாருங்க."

"மத்த இடத்துல எட்டா இருக்கலாம் சார். இங்கே ஏழுதான். இதோ கடைசி அட்டை. 'ஏழு அட்டைகளில் ஏழாவது.'"

கடைக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார். ஒவ்வொரு அட்டையாக நகர்ந்தார். ஏழு அட்டையிலும் அந்த வரியின் தொடக்கத்தில் ஒரே வார்த்தை. பதினோரு வருஷமாகத் தூசி துடைத்த வரி. ஊருக்கெல்லாம் பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடி மாட்டிவிடுகிறவர், இதை ஒருத்தரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னதில்லை.

டீச்சர் போன பிறகு அந்தச் சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்தார். எத்தனை பேர் முன்னால் அவனைத் திருடன் என்றிருக்கிறார்! அவனும் லீவில் வந்தபோதெல்லாம் அந்தச் சுவருக்கு நேராக உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, "வர்றேன் அத்தான்" என்று சிரித்துக்கொண்டேதானே போனான்.

சமையலறை வாசலில் போய் நின்றார்.

"உன் தம்பி எடுக்கலை."

"தெரியும்" என்றாள் மனைவி, திரும்பாமல்.

"கூடப் பிறந்தவ. நீ நம்பினே. நான்தான் பாவி."

"நம்பினதைச் சொல்லலைங்க. செட்டே ஏழுதான்னு எனக்குத் தெரியும். நீங்க ஏசின மறு வருஷமே அந்தத் துறைமுகத்துக்குக் கப்பல் போச்சு. எட்டாவதை எப்படியாவது வாங்கிடணும்னு அதே கடையைத் தேடிப் போயிருக்கான். 'செட்டே ஏழுதானே'ன்னு அந்தக் கடைக்காரன் சிரிச்சானாம். அங்கேயிருந்தே எனக்கு ஃபோன் பண்ணினான்."

"பத்து வருஷமாத் தெரியுமா? பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அவன் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டிருப்பேனே!"

"சொல்லிடறேன்டான்னுதான் சொன்னேன். சத்தியம் வாங்கிட்டான்."

அடுப்பை அணைத்துவிட்டு, முதல் முறையாக அவர் பக்கம் திரும்பினாள்.

"'வேணாம்க்கா. எட்டு எட்டுன்னு அத்தான் ஊரெல்லாம் அடிச்சுப் பேசிட்டார். இப்போ ஏழுன்னு ஆனா நாலு பேர் முன்னாடி அவருக்குத்தான் தலைகுனிவு. எனக்கென்ன, வருஷத்துல பத்து மாசம் கடல்ல கிடக்கிறவன். கரைக்கு வர்ற ரெண்டு மாசம் திருடனா இருந்துட்டுப் போறேன்'னான்."