கல்லணைக்கு இரண்டு பேருந்துகள்

திருச்சி மாநாட்டுக்கு வந்த நீர்ப்பாசனப் பொறியாளர்களைக் கல்லணைக்கு அழைத்துப் போக இரண்டு பேருந்துகள் நின்றன. யார் எதில், யார் பக்கத்தில் என்பதை மாநாட்டுச் செயலி போடும் இருக்கைப் பட்டியல் முடிவு செய்யும். சண்டை வரக்கூடியவர்களை அது சேர்த்து வைப்பதில்லை; பேருந்தில் குரல் உயர்ந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது பேருந்தின் வழிகாட்டி ரெஜினாவிடம் எழுபது வயது வைத்திலிங்கம் வந்தார். "அம்மா, என்னை உன் பஸ்ல ஏத்திக்க. என் பழைய சிநேகிதன் குப்புராஜ் இதுலதான் இருக்கான்."

"பட்டியல் ஒத்துக்காது சார்."

"ஏழு வருஷமா ஒத்துக்கலை. ஒரே ஹால்லகூட உக்கார விடலை. எனக்கு இதுதான் கடைசி மாநாடு."

பட்டியலை மீறினால் செயலி ரெஜினாவின் மதிப்பெண்ணைக் குறைக்கும். இன்னொரு முறை குறைந்தால் இந்த வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். கதவை விட்டு விலகி வழிவிட்டாள்.

"ஏறுங்க சார்."

குப்புராஜ் நிமிர்ந்து பார்த்தார். "நீ கோவத்துல ஒதுங்கிட்டேன்னு நினைச்சேன்."

"பட்டியல்தான்டா பிரிச்சு வெச்சது. நானும் முதல்ல உன்னை அப்படித்தான் நினைச்சேன். உன் மதகுக் கணக்கு தப்பு."

"உனக்குக் கணக்கே வராது. உக்காருடா."

கல்லணையில் எல்லோரும் இறங்கி, படம் எடுத்துக்கொண்டு, திரும்ப ஏறினார்கள். அந்த இருவர் மட்டும் இறங்கவேயில்லை. சுற்றுலாக் கையேட்டின் பின்பக்கத்தில் ஒருவர் போட்ட மதகுக் கணக்கை மற்றவர் அடித்துக்கொண்டிருந்தார்.

ரெஜினாவின் போன் அதிர்ந்தது. 'சச்சரவு: இருவர். மதிப்பெண் குறைக்கப்பட்டது.'

அவள் அதை அணைத்துப் பையில் போட்டாள்.

"அண்ணே, கரையோரமாவே போங்க," என்றாள் டிரைவரிடம்.

"அது சுத்து வழிம்மா."

"சுத்தட்டும்."