நாலாவது பெயர்

பரிலோச்சே ஏரிக்கரை விடுதியில் தனியாகத் தங்கியிருந்த மிர்த்தாவுக்கு வயது ஐம்பது. பள்ளி முடிக்கும் பிள்ளைகள் வகுப்போடு சுற்றுலா வரும்போது போடும் ஜெர்கினை மாட்டிக்கொண்டு, மூன்று நாளாகப் படகு, பனிமலை, சாக்லேட் கடை என்று ஒன்றுவிடாமல் சுற்றினாள்.

விடுதிக்காரி நெலிதாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எத்தனை வருஷம் ஃபெயிலாகி இப்பதான் பாஸானீங்க? கையெல்லாம் இறுக்குதே, பெரிசா ஒண்ணு தைக்கச் சொல்லக் கூடாதா?"

மிர்த்தாவும் சிரித்துவிட்டு, திரும்பி முதுகைக் காட்டினாள். ஜெர்கினில் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன.

"நாலாவது பேரு லுத்மிலா. என் பொண்ணு. இது தைச்சு வந்தப்ப, அவளைப் புதைச்சுப் பத்து நாள் ஆயிருந்துச்சு."

நெலிதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவளுக்கு ஊரைச் சுத்திக் காட்டியாச்சு. நீங்க சொன்ன மாதிரி கை இறுக்கத்தான் செய்யுது. கழட்டத்தான் மனசு வரலை."