ஐந்தாவது பூ

ஹாப்சாலு என்ற கடலோர ஊரில் கோட்டைச் சுவரோரம் பூக்கடை வைத்திருந்த சல்மேயிடம், சேற்றுக் குளியலுக்காக ஊருக்கு வந்திருந்த எண்டெல் கிழவர் நான்கு கார்னேஷன் பூக்கள் கேட்டார்.

"கல்லறைக்கா, எண்டெல் ஐயா?" சல்மே குரலைத் தாழ்த்தினாள். இரட்டைப்படையில் பூ வாங்கினால் அந்த ஊரில் அது செத்தவர்களுக்குத்தான். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை.

"ஆமாம்மா" என்று வாங்கிக்கொண்டவர், நேரே எதிர் பெஞ்சில் இருந்த கிழவியின் மடியில் அதை வைத்தார்.

சல்மே உடனே இன்னொரு பூவை உருவிக்கொண்டு ஓடினாள்.

"நல்லா இருக்கறவங்க மடியில யாராவது நாலு பூவை வைப்பாங்களா? உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? அம்மா, இதையும் சேர்த்து வெச்சுக்குங்க!"

கிழவி சிரித்தாள். "அவரை ஏம்மா திட்டறே? நான்தான் வாங்கிட்டு வரச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கல்லறைக்குப் போகணும். இவரு யாரோ, எவரோ. பாவம், தினமும் எனக்குத் துணைக்கு வர்றாரு."

"உங்க வீட்டுக்காரரும் இந்த ஊர்தானா?"

"இல்லம்மா. வருஷா வருஷம் ரெண்டு பேரும் சேத்துக் குளியலுக்கு வருவோம். எண்டெல்னு பேரு."

சல்மே திரும்பிப் பார்த்தாள். கிழவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிழவி அந்த ஐந்தாவது பூவை வாங்கி, அவர் கோட்டில் செருகிவிட்டாள்.

"இதை நீங்க வெச்சுக்குங்க. நீங்கதான் உயிரோட இருக்கீங்களே!"