பவுடர் தோற்கக் கூடாது

“எங்கப்பா குடிக்கிறது நிஜப் பவுடரா, வெறும் மாவா? இப்பவே சொல்லுங்க மேடம்.”

ஆய்வு உதவியாளராகச் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லிவைத்திருந்தார்கள்: எது வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே.

பாலின் புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்துச் செய்த பவுடர் ரத்த அழுத்தத்தைக் குறைக்குமா என்பதுதான் ஆய்வு. பாதிப் பேருக்கு அது. மீதிப் பேருக்கு அதே ருசியில் மாவு. யாருக்கு எது என்பது ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவின் கணினிக்கு மட்டும் தெரியும். பிரஷர் அளக்கும் அவளுக்குத் தெரிந்தால் அளவு கெட்டது. கேட்டவளின் பெயர் ஆய்வுக் கட்டுரையில் இருக்காது.

அவள் வம்சத்தில் கல்யாணப் பத்திரிகை தவிர வேறெதிலும் ஒரு பெயர் அச்சேறியதில்லை.

ஆனாலும் கேட்டாள்.

காலையில் பஸ் டிப்போவுக்குக் கிளம்பிய அப்பா, கண் இருட்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிடித்து உலுக்கியதில் உண்மை உதிர்ந்தது. மாத்திரை போடுகிறவர்களுக்கு ஆய்வில் இடமே இல்லை. இந்த மனுஷன் தினமும் திருட்டுத்தனமாக பிரஷர் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறார்.

“உன் பவுடர் தோத்துட்டா உனக்கு அசிங்கமில்லையா பாப்பா? அதான் ஒரு கை கொடுத்தேன்.”

தண்ணீர் கொடுத்துக்கொண்டே திட்டித் தீர்த்தாள்.

மாத்திரையும் பவுடரும் சேர்ந்து அவரை ஒரேயடியாகக் கவிழ்த்துவிட்டால்?

டாக்டரம்மா பெருமூச்சோடு கணினியைத் தட்டினார்.

மாவு.

அவளுக்கு உயிர் வந்தது. பின்னாலேயே சிரிப்பும் வந்தது. மகளுக்கென்று கொடுத்த கை எதிர்க்கட்சியான மாவுக்கல்லவா போயிருக்கிறது.

டாக்டரம்மாவும் இளகிவிட்டார். அப்பாவை மட்டும் கழித்துவிடலாம், உன் பெயர் இருக்கட்டும், பேச்சு இந்த அறையோடு போகட்டும் என்றார். மொத்தத்தில் அழுத்தம் நன்றாகவே இறங்கியிருக்கிறதாம்.

அவள் சிரிப்பு நின்றது.

ஆய்வுக்கு ஆள் கிடைக்காமல் அவள் திண்டாடியபோது, அத்தனை பேரையும் டிப்போவிலிருந்து திரட்டி வந்தவர் அப்பா. அவளைத் தோளில் தூக்கித் திரிந்த டிரைவர் மாமாக்கள், கண்டக்டர் சித்தப்பாக்கள். நம்ம டிப்போ பெற்ற பட்டதாரி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவர்கள்.

தண்ணீரைக் குடித்து முடித்த அப்பா, காலையில் இன்னொன்றும் சொல்லியிருந்தார், மகா பெருமையாக. கை கொடுத்தது அவர் ஒருவர் இல்லையாம்.

அதையும் டாக்டரம்மாவிடம் சொன்னாள். ஒரு சொல் மிச்சம் வைக்கவில்லை.

வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

வெளியே பெஞ்சு நிறைய மாமாக்களும் சித்தப்பாக்களும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, அவளை ஜெயிக்கவைக்கக் காத்திருந்தார்கள்.

எல்லாரையும் வீட்டுக்கு அனுப்ப, கதவைத் திறந்துகொண்டு போனாள்.