கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா

"எங்கப்பாவைத் திருப்பிக் கொடுத்துடுங்க ஐயா."

மருதை இதைக் கேட்பது மூன்றாவது தடவை. கான் தெ மாஸ்க் கிராமத்தில் வெட்டிப் போட்ட கரும்பு காய்ந்துகொண்டிருக்க, ரயிலேறி நகரத்துக்கு வந்து வந்து அவருக்கு அலுத்தே போய்விட்டது.

அவர் அப்பா இருந்தது கண்ணாடிப் பெட்டிக்குள்.

இந்தத் தீவுக்குக் கூலிக் கப்பல் வந்து நூறு வருஷம் ஆனதற்காக அருங்காட்சியகத்தில் ஒரு புது அறை கட்டியிருந்தார்கள். செத்துப்போன அப்பா காலமெல்லாம் மடியிலேயே வைத்திருந்த பாஸை அதில் வைக்கக் கேட்டார்கள். மருதையும் கொடுத்துவிட்டார். படம் ஒட்டிய பாஸ். அது இல்லாமல் அந்தக் காலத்தில் தோட்டத்தை விட்டு வெளியே கால் வைத்தால் ஜெயில்தான்.

பெட்டிக்குக் கீழே என்ன எழுதுவது என்று அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை.

"கூலி. பாஸிலேயே அப்படித்தானே இருக்கு?" என்றார் ஆலை முதலாளிகள் சார்பில் கமிட்டியில் இருந்த க்ளோட் துரை.

"உழவர்! கூலின்னு எழுதினா இந்த அறையைத் திறக்கவே விடமாட்டோம்!" என்று மேஜையைத் தட்டினார் தமிழர் சங்கத் தலைவர் நாகலிங்கம். வக்குவா ஊரில் பங்களா, அரசாங்க உத்தியோகம், கழுத்தில் டை. பேச்சில் அனல் பறந்தது.

இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டியைத் திறக்க முடியும். திறந்தால் அந்தச் சாக்கில் மற்றவர் தன் சொல்லை எழுதிய சீட்டை வைத்துவிடுவாரோ என்று இரண்டு பேருக்கும் பயம்.

இப்போதும் நாகலிங்கம் மருதையை முறைத்தார். "கொடுத்ததை ஏன்யா திருப்பிக் கேட்கிறே? துரை கையிலே ஏதாவது வச்சாரா? உன் அப்பனுக்கு மரியாதை வாங்கித் தர நாங்க தொண்டை கிழியக் கத்தறோம். நீ காட்டிக் கொடுக்கறியே, வெட்கமா இல்லே?"

மருதைக்குக் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு களைப்பு.

"என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க ஐயா. நாளைக்கு ஆடி அமாவாசை, அப்பாவுக்குப் படையல் போடணும். அவருக்கு வேறே படமே கிடையாது. வருஷா வருஷம் இந்தப் பாஸைத்தான் பலகையிலே நிறுத்தி, பொட்டு வச்சுக் கும்பிடறோம். மறுநாளே கொண்டாந்து கொடுத்துடறேன்."

க்ளோட் துரை பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். படத்தின் நெற்றியில் மங்கலாகக் குங்குமக் கறை. பெட்டியைத் திறக்கும் அனுமதிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

நாகலிங்கத்தின் பேனா மட்டும் காகிதத்தின் மேல் நின்றுகொண்டே இருந்தது.

"உங்க வீட்டிலேயும் இதே மாதிரிதானே ஐயா? உங்கப்பாவும் பாஸ்காரர்தானே?" என்று மருதை வெள்ளந்தியாகக் கேட்டார்.

நாகலிங்கம் அவசரமாகக் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தைத் தள்ளிவிட்டார்.

பாஸை மடியில் பத்திரமாகச் செருகிக்கொண்டு மருதை வாசற்படி இறங்கும்போது, பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. திரும்பினால் நாகலிங்கம். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"மருதையண்ணே... நாளைக்கு எங்கப்பாவுக்கும் ஒரு இலை போடுவீங்களா?"

"ஏன் ஐயா, வீட்டிலே அவர் பாஸ் இல்லையா?"

"உத்தியோகத்துக்கு மனுப் போட்ட அன்னிக்கே அதை அடுப்பிலே போட்டுட்டேன் அண்ணே. அதிலே கூலின்னு எழுதியிருந்தது."